ஏழு பவுண்டு ஏந்திரமும் ஒரு மணி நேரப் பாடமும்
(காந்தியடிகளின் வீட்டுப் பள்ளி குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை)

முன்னுரை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் கடைக்கு வந்தபோது, வழக்கம்போல் சமணக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன். இந்த முறை ரொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்பர்கள் சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

புனேயில் இருக்கும் என் மகனும் மருமகளும் என் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். மூன்று வருஷமாகிறது. செய்தி கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, 1978-இல் அகமதாபாத்துக்கு வந்து ஒரு பாத்திரக் கடையில் எடுபிடியாக நின்றவன் நான். பிறகு படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் படித்தது. கிடைக்காமல் போனதால் எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் கோயில் மாதிரி. அந்தக் கோயிலிலிருந்து என் பேத்தியைக் கூட்டி வந்துவிட்டார்களே என்று மனம் பதைத்தது.

தீபாவளிக்குப் புனே போயிருந்தேன். சமையல் மேடைமேல் பேத்தி தராசு வைத்து மாவு நிறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் ஆளுக்குக் கால் கிலோ பிசைந்த மாவு. ஒன்றில் ஈஸ்ட் கலந்திருந்தது, மற்றதில் இல்லை. மாவு நிற்கும் உயரத்தில் ரப்பர் பேண்டு மாட்டி, அரை மணிக்கு ஒரு தரம் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு சீசா. அதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரும் சர்க்கரையும் ஈஸ்டும், வாயில் ஒரு பலூன். யாரும் ஊதாமலே பலூன் நிமிர்ந்து நின்றது.

“தாத்தா, பேக்கரி பிரெட் நீங்க சாப்பிட மாட்டீங்க இல்ல? அதான் ஈஸ்ட் போடாதது உங்களுக்கு” என்றாள்.

என் தாயார் பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொள்பவர். பேக்கரிப் பண்டம் எதையும் தொட்டதில்லை. அந்தப் பழக்கம் என்னிடமும் இருக்கிறது. குழந்தை அதைக் கவனித்து வைத்திருந்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மருமகளிடம் கேட்டுவிட்டேன்: “இது படிப்பா, விளையாட்டாம்மா?”

அவள் நிதானமாகச் சொன்னாள்: “மாமா, காந்தியே தன் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பலையே. வீட்ல மாவு அரைக்க வெச்சாராமே.”

பதில் சொல்லத் தெரியவில்லை. அகமதாபாத் திரும்பியதும் ‘சத்திய சோதனை’யை மறுபடி எடுத்தேன். அப்புறம் ‘தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்’, கடிதத் தொகுப்புகள் என்று ஆறு மாதம் போயிற்று. அதில் கண்டதை இங்கே எழுதுகிறேன். மருமகள் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை.

1. பள்ளிக்கு அனுப்பாத தகப்பனார்

1897-இல் காந்தியடிகள் குடும்பத்தோடு டர்பன் நகரில் இறங்கியபோது அவரிடம் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவர் ஹரிலால், அடுத்தவர் மணிலால், சகோதரியின் மகன் கோகுல்தாஸ். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இந்தியருக்கு இடமில்லை. காந்தியின் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இல்லாத சலுகை தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். பாதிரிமார் நடத்திய பள்ளிகளுக்கு அனுப்பவும் அவருக்கு மனமில்லை. அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

ஆகவே வீட்டிலேயே பாடம் என்று முடிவாயிற்று. மாதம் 7 பவுண்டு சம்பளத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியை வந்தார். அது கொஞ்ச காலம்தான் நடந்தது. மற்றபடி தகப்பனார் தாமே குஜராத்தியில் பேசிச் சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. அவரோ வக்கீல் தொழில், பொதுக் காரியம் என்று ஓடிக்கொண்டிருந்தவர்.

2. ஜோகன்னஸ்பர்க் வீட்டில் ஓர் ஏந்திரம்

1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், நண்பர் ஹென்றி போலக் கொடுத்த ரஸ்கினின் நூலை அவர் படித்தார். உடலால் உழைப்பவன் வாழ்வே வாழத்தகுந்த வாழ்வு என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டே டர்பனுக்கு அருகில் ஃபீனிக்ஸ் குடியிருப்பு தொடங்கிற்று. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த அவருடைய வீடும் மாறத் தொடங்கியது.

முதலில் மாறியது ரொட்டி. கடையில் வாங்குவதை நிறுத்தினார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இயற்கை வைத்தியம் செய்துவந்த லூயி கூனே என்பவரின் முறைப்படி, தவிடு நீக்காத முழுக்கோதுமை மாவில், புளிக்க வைக்காமல் வீட்டிலேயே ரொட்டி சுட்டார்கள். ஆலை மாவு இதற்குச் சரிப்படவில்லை. எனவே 7 பவுண்டு கொடுத்து ஓர் இரும்புக் கை ஏந்திரம் வாங்கினார் காந்தி. எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் கல் திருகையை ‘ஏந்திரம்’ என்போம். அது கல், இது இரும்பு, வேலை ஒன்றுதான்.

வியாபாரியின் கண்ணுக்கு இந்தக் கணக்கு தட்டுப்படாமல் போகுமா? ஓர் ஆசிரியையின் ஒரு மாதச் சம்பளமும் 7 பவுண்டு, ஏந்திரத்தின் விலையும் 7 பவுண்டு. ஆசிரியை போனார். ஏந்திரம் வந்தது.

அதன் சக்கரம் கனமானது. ஒரு ஆளால் சுற்றுவது கஷ்டம், இரண்டு பேர் சேர்ந்தால் சுலபம். காந்தியும் போலக்கும் பிள்ளைகளும் சுற்றுவார்கள். 1905-ஆம் ஆண்டுக் கடைசியில் போலக்கை மணந்து அந்த வீட்டுக்கு வந்த மில்லி அம்மையாரும் சேர்ந்துகொண்டார். கஸ்தூர்பா எப்போதாவது கை கொடுப்பார். அரைக்கும் நேரமும் அவர் அடுப்பு மூட்டும் நேரமும் ஒன்றாக இருந்தது. பிள்ளைகளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமிருந்தால் வரலாம், களைத்தால் போகலாம். அவர்களுக்கு இது நல்ல தேகப்பயிற்சியாக இருந்தது என்று காந்தி பின்னாளில் எழுதினார்.

3. அந்த மாவில் என்ன பாடம் இருந்தது?

இங்கே கொஞ்சம் நின்று, அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் சுற்றியது என்ன என்று பார்ப்போம்.

கோதுமை மணிக்கு மூன்று பாகம்: மேலே தவிடு, உள்ளே மாவுப் பகுதி, ஓரத்தில் முளைக்கரு. கல்லிலோ கை ஏந்திரத்திலோ அரைத்தால் மூன்றும் கலந்து விழும். 1870-களில் ஹங்கேரியில் வளர்ந்து, அடுத்த பத்தாண்டில் பிரிட்டனுக்கும் பரவிய உருளை ஆலைகள் வேறு விதம். இரும்பு உருளைகளுக்கு இடையே மணியை உடைத்து, தவிட்டையும் முளைக்கருவையும் பிரித்து எடுத்துவிடும். மாவு பால்போல வெளுப்பாக இருக்கும். முளைக்கருவில் எண்ணெய் உண்டு. அது இருந்தால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதை நீக்கிவிட்டால் மூட்டை மாதக்கணக்கில் தாங்கும். கடைக்காரனுக்கு லாபம், கப்பலில் அனுப்புகிறவனுக்கும் லாபம். சாப்பிடுகிறவனுக்குத்தான் நஷ்டம்.

அந்த நஷ்டத்தின் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நரம்பு நோய் வருவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். ‘வைட்டமின்’ என்ற சொல்லை ஃபங்க் உண்டாக்கியது 1912-இல்தான். காந்தி ஏந்திரம் வாங்கியதோ அதற்கும் சில ஆண்டுகள் முன்பு. எளிமை, ஆரோக்கியம், சிக்கனம் என்பவைதான் அவர் சொன்ன காரணங்கள். நம் பாட்டிமார் கைக்குத்தல் அரிசி பொங்கியதும் வைட்டமின் படித்தா?

புளிக்காத ரொட்டியிலும் ஒரு பாடம் உண்டு. ஈஸ்ட் ஓர் உயிர். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். அந்த வாயு, பிசைந்த மாவின் பசையில் மாட்டிக்கொண்டு மாவை உப்ப வைக்கும். என் பேத்தியின் பலூனை நிமிர்த்தியது அதே வாயுதான். லேவன்ஹூக் என்ற ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி 1680-இல் தன் கையால் தேய்த்த கண்ணாடி வில்லையில் ஈஸ்டின் சிறு உருண்டைகளைக் கண்டார். (பட்டம் பெறாத வியாபாரி என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.) புளிப்பு என்பது அந்த உயிரின் வேலை என்பதற்கு 1857 முதல் பாஸ்டர் சான்று காட்டினார். ஈஸ்ட் இல்லாத மாவில் அந்த வேலை நடக்காது. அடுப்புச் சூட்டில் எழும் நீராவி கொஞ்சம் பொரித்துவிடும், அவ்வளவுதான். ரொட்டி கனமாக, மென்று தின்னும்படி இருக்கும். பேத்தி எனக்குச் சுட்டுத் தந்ததும் அப்படித்தான் இருந்தது. பல்லுக்கு வேலை, ஆனால் ருசி.

4. டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள்

1910-இல் சத்தியாக்கிரகம் நீண்டுகொண்டே போயிற்று. சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக்கலை நிபுணர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் லாலி ரயில் நிலையத்தருகே தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் விட்டுக்கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. குஜராத்தியர், தமிழர், ஆந்திரர், வடநாட்டார் என்று எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். குழந்தைகள் மட்டும் 20, 30 பேர். வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கழிவு அகற்றுவது வரை அவரவர் கைதான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மகன்லால் காந்திக்கு எழுதிய கடிதத்தில், பண்ணைக்கு வேண்டிய ரொட்டியைத் தாமே சுடுவதாகவும், நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதாகவும், மணிலாலும் இன்னும் சிலரும் கற்றுக்கொண்டுவிட்டதாகவும் காந்தி தெரிவிக்கிறார். ஈஸ்டும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை, கோதுமை அரைப்பதும் அங்கேயே. பண்ணை ஆரஞ்சுப் பழத்தில் மார்மலேடு கிண்டினார்கள். கோதுமையை வறுத்து அரைத்துக் ‘காப்பி’ போட்டார்கள். காலை ஆறு மணிக்கு ரொட்டியும் அந்தக் காப்பியும். மாலைச் சாப்பாடு ஐந்தரைக்கு. எங்கள் தாயார் அந்தப் பண்ணையில் இருந்திருந்தால் அவருக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது!

காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் பிள்ளைகள் கற்றார்கள். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்பது பண்ணையின் விதி.

தமிழர் நாம் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல் வருகிறது. பண்ணைப் பள்ளியில் இந்தி, குஜராத்தி, உருதுவோடு தமிழும் உண்டு. தமிழ் ஆசிரியர் யார்? காந்தியேதான். அவருக்குத் தெரிந்த தமிழ், கப்பலிலும் சிறையிலும் போப்பையர் எழுதிய கைந்நூலை வைத்துப் படித்த தமிழ். தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கோ பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. அந்தக் குஜராத்தி வக்கீல் நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்! தமிழ்ப் பேச்சில் தன்னை அவர்கள் எந்த நாளும் தோற்கடித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆங்கிலம் அறியாத தமிழர் வந்தால் அந்தப் பிள்ளைகளே அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை அவர். அதனால் பிள்ளைகளின் அன்பும் மரியாதையும் குறையவே இல்லை.

ஒரு குறை இருந்தது. காலை முழுவதும் வயல் வேலை, வீட்டு வேலை. எழுத்துப் பாடம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். உழைத்த உடம்பு, உண்ட மயக்கம். பிள்ளைகளும் தூங்கி வழிவார்கள், ஆசிரியரும் தூங்கி வழிவார். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடந்தது.

5. ஹரிலாலின் வழக்கு

மருமகள் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகவர ஐந்து மைல் நடை. பிள்ளைகள் கூடவே நடப்பார்கள், அந்த நடையில் பேச்சுதான் பாடம். வேறு யாராவது பேச வந்துவிட்டால் அதுவும் போயிற்று. தினம் ஒரு மணி நேரமாவது தவறாமல் அவர்களுடைய எழுத்துப் படிப்புக்கு ஒதுக்கியிருந்தால் அது நிறைவான கல்வியாக இருந்திருக்கும் என்று காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு மணி நேரத்தைத் தம்மால் தர முடியவில்லை. பிள்ளைகளுக்கு அது மனக்குறை, தமக்கும் அது வருத்தம் என்கிறார். ஆனால் பள்ளிக்கு அனுப்பாததற்காக அவர் வருந்தவில்லை.

மூத்தவர் ஹரிலாலுக்கு அந்தக் குறை ஆறவே இல்லை. போராட்டத்தில் பல முறை சிறை சென்றவர். ‘சின்ன காந்தி’ என்று மக்கள் அழைத்தார்கள். லண்டனில் படிக்க உதவித்தொகை ஒன்று வந்தபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. தகுதி பார்த்துத் தகப்பனார் வேறொருவரை அனுப்பினார். 1911-இல் ஹரிலால் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? நாம் இருக்கும் இதே அகமதாபாத்தில்தான். திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகு, சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். தேறவில்லை. பின்னாளில் தம் மனக்கசப்பை அச்சிட்டே வெளியிட்டார். 1948 ஜூனில், தகப்பனார் மறைந்து ஐந்து மாதத்துக்குள், பம்பாயில் இறந்தார்.

மற்ற மூவர் கதை வேறு. மணிலால் ஃபீனிக்ஸில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழை 1956-இல் தாம் மறையும் வரை நடத்தினார். தேவதாஸ் 1918-இல் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தார். 1933-இல் ராஜாஜியின் மகள் லட்சுமியை மணந்தார். ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். ஒரே வீடு, ஒரே தகப்பனார். ஒருவருக்கு உரமானது இன்னொருவருக்குக் காயமாயிற்று. ஆகவே வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல இந்த வரலாறு இடம் தரவில்லை.

6. வார்தாவில் இரண்டு தமிழர்

அந்த ஏந்திரத்தின் பாடம் அதோடு முடியவில்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. ஏழாண்டுப் படிப்பு, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து என்ற ஆதாரக் கல்வித் திட்டம் அதில் பிறந்தது. ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. இப்போது கைத்தொழிலோடு வகுப்பறையும் ஆசிரியரும் நேரஅட்டவணையும் இருந்தன. ஜோகன்னஸ்பர்க்கில் தவறவிட்ட அந்த ஒரு மணி நேரத்தை ஊர்ப் பிள்ளைகளுக்காவது தர முயன்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சேவாகிராமத்தில் அதை முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம், அவர் மனைவி ஆஷாதேவியுடன்.

அதே வார்தாவில், 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கணக்காளர் தொழில் பார்த்த அவர் 1929-இல் காந்தியை முதன்முதலில் சந்தித்தது நம் சபர்மதி ஆசிரமத்தில். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், மாவு அரைக்கும் சக்கி ஆகியவற்றை ஆராய்ந்து திருத்தி அமைத்தது அந்தச் சங்கம். அது இருந்த இடத்தின் பெயர் மகன்வாடி. 1910-இல் ரொட்டிக் கடிதம் பெற்ற அதே மகன்லாலின் நினைவாக வைத்த பெயர்.

முடிவுரை

இதையெல்லாம் படித்து முடித்துவிட்டு மருமகளுக்குப் போன் செய்தேன். “நீ சொன்னது சரிதாம்மா. ஆனா காந்தி ஒரு மணி நேரம் குடுக்க முடியலன்னு வருத்தப்பட்டாரே, அதையும் படிச்சியா?” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “கணக்கும் இங்கிலீஷும் தினம் காலைல தவறாம நடக்குது மாமா. திறந்தநிலைப் பள்ளிப் பரீட்சை எழுத வெப்போம். தமிழ்தான் யாரும் சொல்லிக்குடுக்கல. அவருக்கே படிக்கத் தெரியாதே” என்றாள்.

‘அவர்’ என் மகன். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அவனை நல்ல இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தேன். கட்டணம் ஒரு மாதம்கூடத் தாமதித்ததில்லை. மாலையில் கடையில் உட்கார வைத்து வியாபாரமும் பழக்கினேன். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பான். தமிழ் எழுத்தை மட்டும், நாளைக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் எழுதிய கட்டுரைகள் இந்தச் சங்க மலர்களில் அச்சாகியிருக்கின்றன; ஒன்றையும் அவன் படித்ததில்லை. பள்ளிக்கு அனுப்பிய தகப்பனும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட முடியும்.

இப்போது தினமும் இரவு எட்டு மணிக்குக் கடையை மூடியதும் வீடியோ அழைப்பில் பேத்திக்குத் தமிழ்ப் பாடம். ஒரு மணி நேரம். பண்டிகையானாலும் விடுமுறை இல்லை என்று நான் எனக்கே விதி போட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் களைப்பில் எனக்குக் கண் சொக்கும். “தாத்தா, தூங்குறீங்க!” என்று அதட்டுவாள். முதலில் அவள் எழுதப் பழகிய சொற்கள் மாவு, தவிடு, தராசு, ரொட்டி. ‘ற’-வும் ‘ர’-வும் இன்னும் குழம்புகின்றன. சில நாள் என் மகனும் பின்னால் வந்து நின்று பார்க்கிறான். உட்காரச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவோரும் உண்டு, வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா என்று யோசிப்போரும் உண்டு. இருவருக்கும் இந்த எளியவனின் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளையின் கையில் மாவையும் தராசையும் கொடுங்கள். கூடவே, தினம் ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள்.

அறம் வளர்க.